பத்து விரல் காகிதம்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எந்த இடத்தில் எந்த 'ள' என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளவும்.

போன வாரம் என் மகன் பாஸ்போர்ட்டுக்குப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேள்விகளை இங்கிலீஷில் வாசித்து எனக்காகத் தமிழிலும் சொன்னான். "குத்தம் செஞ்சு ஜெயிலுக்குப் போனதுண்டா? இல்லை," என்று அவனே கேட்டு அவனே பதில் சொல்லி, ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அந்த ஒரு வரியைத் தாண்ட முடியாமல் நின்றவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயர் இன்னொரு காகிதத்தில் ஏறுவதை அவர் விரும்பமாட்டார்.

ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் நான் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குவாட்டர்ஸ் பக்கம், கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை வகை, விற்றேன். மற்றவர்கள் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கூவிப் போவார்கள். எனக்குக் கூவ வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்வேன். அதனால் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் தட்டை வைத்து உட்கார்ந்துவிடுவேன். வேண்டியவர்கள் வருவார்கள். இந்தியாவிலிருந்து கப்பல் நின்றுபோனதால் கொண்டைக்கடலை கிடையாது, பட்டாணி கிடையாது. நிலக்கடலை, வறுத்த சோளம், மரவள்ளிச் சீவல், இவ்வளவுதான் என் தட்டு.

பொட்டலம் மடிக்கப் பழைய பத்திரிகையும் கிடைக்காத காலம். ஆனால் ஆபீஸ் காகிதம் நிறைய வந்தது. வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய ஆபீஸ்களிலிருந்து யார் யாரோ அள்ளிக்கொண்டு வந்து, கிள்ளானில் ஒரு சீனர் கடையில் குவிந்து கிடந்தது. அவர் கட்டி என்கிற எடைக் கணக்கில் நிறுத்து விற்பார். மீன் விற்பவர்கள், வெற்றிலைக் கடைக்காரர்கள், நான், எல்லாரும் அதில்தான் மடித்தோம். முத்திரை குத்தி, பெரிய பெரிய துரைமார் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் கடலை தின்றது எங்கள் ஊர்.

நான் பெயர் சொல்லாத அந்த மனிதர் எஞ்சினுக்கு விறகு ஏற்றும் கூலி. அப்போது நிலக்கரி இல்லை, ரயில் விறகில்தான் ஓடியது. நாற்பது வயதிருக்கும். உயரம் அதிகம், அதற்கு வெட்கப்படுகிறவர் மாதிரி எப்போதும் கொஞ்சம் குனிந்தே நிற்பார். தலைமுடியில் மரத்தூள் இருக்கும். முதல் நாள் வந்தவர் கடலையை மடியில் கொட்டிக்கொண்டு, பொட்டலக் காகிதத்தைப் பிரித்தார். வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு கையாலேயே நீவி மடிப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நல்ல காகிதம் தம்பி. இன்னொருத்தருக்கு ஆகும்."

இரண்டாம் நாளும் அதே மாதிரி. மூன்றாம் நாள் கடலை வாங்கவில்லை.

"தம்பி, நீ மடிக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கட்டை ஒரு தடவை பாத்துக்கட்டுமா? ஒண்ணும் எடுக்கமாட்டேன்."

என்னால் யாருக்கும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சரி என்றேன். அன்றிலிருந்து மூன்று வருஷத்துக்கும் மேலாக, மத்தியானம் வேலை விடும் நேரத்தில் வந்து, என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் பார்ப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஒரு தாளைக்கூடத் தள்ளிவிடமாட்டார்.

அதே மரத்தடியில் நாற்காலி போட்டு முடிவெட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் வாய் சும்மா இருக்காது.

"ஜட்ஜய்யா வந்துட்டாரு! எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா. இன்னிக்கு என்ன கேசு?"

தாள் பார்க்கிறவர் கோபப்படமாட்டார். "உங்க கேசுதான். கத்திரிக்கோல் மொட்டைன்னு ஊரே பிராது கொடுத்திருக்கு," என்பார். தலை நிமிராது. கை தாளைத் திருப்பிக்கொண்டே இருக்கும்.

எதைத் தேடுகிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. ஒரு நாள் மழையில் இருவரும் ஒரே சாக்குக்கு அடியில் ஒதுங்கியபோது அவராகவே சொன்னார்.

பல வருஷத்துக்கு முன்னால் அவர் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார். உடைந்த பெட்டியிலிருந்து ஒரு கட்டு மல்துணியை எடுத்துவிட்டார். மூன்று மாதம் ஜெயில். "எடுத்தேன். எடுக்கலைன்னு சொல்லமாட்டேன்," என்றார். உள்ளே போன அன்று பத்து விரலையும் மையில் தோய்த்து ஒரு தாளில் உருட்டி எடுத்தார்கள். வலது ஆள்காட்டி விரலில் இரும்புக் கயிறு அறுத்த தழும்பு ஒன்று குறுக்கே ஓடும். அதுவும் அந்தத் தாளில் வெள்ளைக் கோடாக விழுந்ததாம். அதைத்தான் தேடினார். தன் விரலை.

"ஆபீஸ் காகிதம் பூரா சந்தைக்கு வந்துடுச்சு. அதுவும் வந்துதானே ஆகணும்? கையில கிடைச்சா அடுப்புல வச்சுடுவேன். சண்டை முடிஞ்சு கப்பல் வந்தா கேப்பான், ஜெயிலுக்குப் போனியான்னு. ஆமான்னா ஏத்தமாட்டான். இல்லைம்பேன். காகிதமே இல்லைன்னா அது பொய் இல்லல்ல, தம்பி?"

நான் தலையை ஆட்டினேன். எதற்கும் பொருந்துகிற மாதிரி ஆட்டினேன்.

சண்டைக்கு முந்தின வருஷம் அவர் ஊருக்குப் போகக் கப்பலில் டெக் டிக்கெட் வாங்கியிருந்தார். நாகப்பட்டினம் பக்கம் பெண்சாதியும் ஒரு பெண் குழந்தையும். குழந்தையைத் தூளியில் பார்த்துவிட்டு வந்தவர், அதற்கு ஆறு வயதாகியும் போக முடியவில்லை. பெண்சாதிக்குச் சேலை, குழந்தைக்கு ஒரு சிவப்புக் கவுன். அளவு தெரியாமல், குவாட்டர்ஸில் அதே வயதுப் பிள்ளையை நிறுத்தி முழம் போட்டு வாங்கினாராம். எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

துறைமுகத்தில் இரண்டு மேசை. முதல் மேசையில் டிக்கெட்டும் அம்மை குத்தின தழும்பும் பார்த்தார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. பெட்டியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டுப் படகில் ஏற்றிவிட்டார்கள். அவருக்கு நிம்மதி. கப்பலடியில் இரண்டாவது மேசை. அங்கே கேட்டார்கள். அவர் எச்சில் விழுங்கினார். கையைப் பிடித்து விரலைப் பார்த்தார்கள், ஒரு புத்தகத்தைப் புரட்டினார்கள், வரிசையை விட்டு வெளியே தள்ளிவிட்டார்கள். இவர் கரையில் நின்றார். பெட்டி கப்பலில் போனது.

அதே கப்பலில் போன ஊர்க்காரர் யாரோ பெட்டியை வீட்டில் சேர்த்திருக்கிறார். பெண்சாதி எழுதிப் போட்ட கடுதாசிதான் அவருக்கு வந்த கடைசித் தபால். அதற்குள் சண்டை வந்துவிட்டது. அந்தக் கடுதாசியை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். மனப்பாடம் ஆன பிறகும் வாசிக்கச் சொல்வார். "பெட்டி வந்து சேர்ந்தது. நீங்கள் வரவில்லை. பூட்டை உடைக்க மனம் வரவில்லை. நீங்கள் வந்து திறக்கவும்."

சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. தேய்ந்து தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னும்.

"முதல் மேசையிலேயே கேட்டிருந்தா பெட்டியாவது எங்கிட்ட இருந்திருக்கும்," என்பார். "கேட்டுட்டா நல்லது தம்பி. கேக்காம விட்டதுதான் பின்னால வந்து கழுத்தைப் பிடிக்கும்."

இதை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை.

ஒரு தடவை காகிதம் வாங்கப் போனபோது அவரும் என்னோடு கிள்ளானுக்கு வந்தார். சீனர் கடையில் குவியலைப் பார்த்ததும் கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டார். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் புரட்டினார். அன்றைக்குத்தான் பத்து விரல் தாள்கள் கிடைத்தன. ஒன்பது தாள். ஒவ்வொன்றிலும் ஐந்தும் ஐந்துமாகக் கறுப்பு வட்டங்கள். ஒவ்வொரு வலது ஆள்காட்டி விரலாகப் பார்த்தார். வெள்ளைக் கோடு எதிலும் இல்லை.

"விட்டுடலாம் அண்ணே. வேற யாரோடதோ," என்றேன்.

"வேற யாரோடதோன்னா? அவனுக்கும் ஒரு ஊர் இருக்கும்ல?"

ஒன்பதையும் விலைக்கு வாங்கி, மறுநாள் என் கடலை வறுக்கும் அடுப்பில் ஒவ்வொன்றாக வைத்தார். அதற்குப் பிறகும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். எல்லாம் அடுப்புக்குத்தான்.

"இன்னிக்கு எத்தனை பேருக்கு விடுதலை, ஜட்ஜய்யா?" என்பார் முடிவெட்டும் அண்ணன்.

"ரெண்டு பேரு. ஒருத்தன் சின்னப் பையன் போலிருக்கு. விரல் சின்னதா இருக்கு."

கிள்ளானிலிருந்து திரும்பும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆற்றுப் பாலத்தில் ஜப்பான் சிப்பாய் நின்றான். எல்லாரும் வரிசையாகப் போய்க் குனிந்து கும்பிட்டு, ஊர் விட்டுப் போக வாங்கின பாஸைக் காட்டி, மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டும். அன்றைக்கு மழை இறங்கிவிட்டது. சிப்பாய் நனைய விரும்பாமல், போங்கள் போங்கள் என்று கையை வீசினான். பிழைத்தோம் என்று எல்லாரும் ஓடினோம். பாலத்தின் அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் இவர் பக்கத்தில் இல்லை. திரும்ப நடந்து போய்க்கொண்டிருக்கிறார், மழையில், பாஸைக் கையில் பிடித்துக்கொண்டு.

"அண்ணே!" என்று கூப்பிட நினைத்தேன். சத்தம் வரவில்லை.

சிப்பாய் முன்னால் போய்க் குனிந்து பாஸை நீட்டினார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கேலி செய்கிறார் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு அறை விட்டான். தோள் துண்டு விழுந்தது. இவர் துண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் பாஸை நீட்டினார். இரண்டாவது அறைக்குப் பிறகு பாஸை வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

கன்னம் வீங்கி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இப்ப சரி. பாத்துட்டான்," என்றார்.

அன்றைக்கே எனக்கு ஒரு பயம் வந்திருக்க வேண்டும். வந்தது என்றுதான் நினைக்கிறேன். சொல்லத்தான் இல்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். வருஷக் கடைசியில், இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் பெயர் கொடுக்கலாம், கப்பல் வரப்போகிறது என்று சொன்னார்கள். அவருடைய தாள் இன்னும் கிடைக்கவில்லை. கடைசி ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் புரட்டினார். பிறகு, "வர்றது வரட்டும். இல்லைன்னு சொல்லிடறேன்," என்றார். என்னை அதிகாரியாக வைத்துப் பழகினார்.

"நீ கேளு தம்பி. மிரட்டிக் கேளு."

எனக்கு மிரட்ட வருமா? "ஜெயிலுக்குப் போனதுண்டாங்களா?" என்று கேட்டேன். முடிவெட்டும் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "இல்லை," என்றார். முதலில் எச்சில் விழுங்கிச் சொன்னார். நாலைந்து நாளில் விழுங்காமல் சொன்னார். நன்றாகவே சொன்னார்.

பெயர் கொடுக்கிற இடத்தில் ஒரே மேசைதான். குமாஸ்தா வேலை பார்க்கும் தமிழ்க் கிராணி ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊரில் இருந்த என் அம்மாவைப் பார்க்க நானும் போக வேண்டியிருந்தது. அதனால் அவருக்குப் பின்னாலேயே நின்றேன். வெள்ளை வேட்டி, முடிவெட்டும் அண்ணன் காசு வாங்காமல் வெட்டிவிட்ட கிராப்பு. கழுத்தில் வேர்வை ஓடியது.

கிராணி நிமிரவே இல்லை. பெயர் கேட்டார், தகப்பன் பெயர் கேட்டார், வயது, ஊர், இங்கே வந்து எத்தனை வருஷம். எல்லாம் எழுதினார். "கட்டைவிரலை வைங்க," என்றார். வைத்தார். "தகவல் வரும். போகலாம். அடுத்த ஆள்."

அவர் நகரவில்லை.

"அவ்வளவுதானாங்க?"

"அவ்வளவுதான்."

"ஒண்ணு கேக்காம விட்டுட்டீங்களே ஐயா."

கிராணி அப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் குரலை இறக்கினார். "நான் ஒண்ணும் கேக்கல. நீங்களும் ஒண்ணும் சொல்லல. போங்கண்ணே."

"அப்புறம் கப்பலடியில கேப்பாங்க ஐயா. இப்பவே கேட்டுடுங்க."

மூன்று வருஷம் தயார் செய்து வைத்திருந்த 'இல்லை' அவர் வாயில் நின்றது. அதைக் கேட்க ஆளில்லை. என் கை அவர் சட்டை நுனியைத் தொட்டது. ஒரு இழு இழுத்திருந்தால் போதும். எனக்குப் பின்னால் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இழுக்கவில்லை.

வெள்ளைக்காரர் சுருட்டை எடுத்துவிட்டு, என்ன சொல்கிறார் என்று மலாயில் கேட்டார். ஒன்றுமில்லை துவான் என்றார் கிராணி. அதற்குள் இவர், கிராணிக்குத் தமிழ் சரியாக விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தவர் மாதிரி, அதிகாரி பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"துவான், சாயா பெர்ணா மாசோக் ஜேல்."

ஐயா, நான் ஜெயிலுக்குப் போயிருக்கிறேன் என்று. எச்சில்கூட விழுங்கவில்லை.

கிராணி அதிகாரி முகத்தைப் பார்த்தார். அதிகாரி ஏதோ சொன்னார். மை காயாத அந்த வரியின் மேல் கிராணி ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் ஏதோ எழுதினார். "விசாரிச்சுச் சொல்லுவாங்க," என்றார். யாரும் விசாரிக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

என் முறை வந்தபோது கிராணி என்னிடம் கேட்டார். "உங்க சிநேகிதரா?"

"ஆமாங்க."

"பின்னாடிதானே நின்னீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?"

நான் கட்டைவிரலை வைத்துவிட்டு வந்தேன்.

அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. முடிவெட்டும் அண்ணன் அன்றைக்கு ஜட்ஜு என்று கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் எனக்குக் கப்பல் கிடைத்த அன்று, அவர் அரைஞாண் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. முடிவெட்டும் அண்ணன் கத்திரிக்கோலைக் கொடுத்தார்.

"இதைக் கொடுத்துத் திறந்துக்கச் சொல்லு. உடைக்க வேணாம், நல்ல பூட்டு."

"வேற ஏதாவது சொல்லணுமா அண்ணே?"

யோசித்தார். "கேட்டா சொல்லு," என்றார்.

நான் போனேன். அந்த வீட்டில் பெட்டி சுவரோரம் செங்கல் மேல் இருந்தது. சுண்ணாம்புக் குறி இன்னும் அழியவில்லை. அந்த அம்மா சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மகளிடம் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்பா மாதிரியே உயரம். பூட்டு லேசில் திறக்கவில்லை, எண்ணெய் விட்டுத் திறந்தாள். பாச்சை உருண்டை வாசனை வீடு முழுக்க வந்தது. சேலைக்கு அடியில் சிவப்புக் கவுன். எடுத்து மேலே வைத்துப் பார்த்தாள். தொப்புள் வரைக்கும்தான் வந்தது. அவள் சிரித்தாள். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவரு ஏன் வரல தம்பி?"

"அடுத்த கப்பல்ல வந்துருவாரு அக்கா," என்றேன். தடையில்லாமல் வந்தது. நாலு பேர் முன்னால் பேச முடியாத எனக்கு அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று திரும்பி வரும் கப்பல் முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மறுபடி கடை போட்ட முதல் நாள் அவர் வந்தார். கடல் எப்படி இருந்தது என்று கேட்டார். என் அம்மா சௌக்கியமா என்று கேட்டார். மழை உண்டா, நெல் என்ன விலை என்று கேட்டார். கடலையை நின்றபடியே தின்றுவிட்டுக் காகிதத்தைப் பிரிக்காமல் கசக்கிப் போட்டார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வேலைக்குப் போய்விட்டார். அந்த வருஷமே காப்பார் பக்கம் ஏதோ தோட்டத்தில் வேலை என்று போனவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போன பிறகு அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு ஊரில் எவ்வளவு மழை பெய்தது என்ற குறிப்பு. இன்றைக்கும் கடையில் எதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்கிறேன். என் மனைவி சிரிக்கிறாள்.

பெட்டியைத் திறந்தார்களா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கவுன் தொப்புள் வரைக்கும்தான் வந்தது அண்ணே. உங்களை மாதிரியே உயரம்.

14-3-1964, சனிக்கிழமை.